மாற்றி ஒட்டிய லேபிள்

அப்பாவிடம் நான் பேசி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் அவருக்காகத்தான் அந்த எண்ணுக்கு போன் செய்தேன். குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடிப் பேசும் இடம் ஒன்று உண்டு என்று நான் வேலை செய்யும் மருத்துவமனையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். போனை எடுத்தவர் முதலில் கேட்டது, "குடிக்கிறது யாரும்மா, நீயா?"

பதறிப்போய்த் துண்டித்துவிட்டேன். மறுநாள் அழைத்தபோது, "நேத்து பாதியில ஓடினது நீதானே?" என்று அதே குரல் சிரித்தது. அப்பாவுக்கு என்றேன். சனிக்கிழமை மாலை ஐந்தரை மணி, அச்சகத்துக்கு மேலே இரண்டாவது மாடி என்றார். இழுத்து வந்து பிரயோஜனமில்லை, அவராக வர வேண்டும் என்றும் சொன்னார்.

அப்பா அப்படி வருகிற ஆள் இல்லை. முதலில் நான் இடத்தைப் பார்த்துவிட்டு, பிறகு அம்மாவை விட்டுச் சொல்லச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

எல்லாம் அவருடைய ஸ்கூட்டர் பெட்டியில் மூன்று காலி மது பாட்டில்களைப் பார்த்ததிலிருந்து ஆரம்பித்தது. "என்னுதுதான்" என்று மட்டும் சொன்னார். ரத்தப் பரிசோதனை செய்வது என் வேலை. சர்க்கரை பார்ப்பதாகப் பொய் சொல்லி ரத்தம் எடுத்தேன். அவருக்கு மட்டும் எடுத்தால் சந்தேகம் வரும் என்று அம்மாவுக்கும் எடுத்தேன். கல்லீரலில் ஒரு நொதி உண்டு. நாள்பட்ட குடியில் அது எகிறிக் கிடக்கும். அப்பாவின் குழாயில் 24. அம்மாவின் குழாயில் 212.

இயந்திரத்தைச் சரிபார்த்து மறுபடி ஓட்டினேன். அதே எண்கள். அவசரத்தில் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டேன் என்று முடிவு செய்தேன். வேறு என்னவாக இருக்க முடியும்? பெயர்களை இடம் மாற்றி அச்சடித்து அப்பா முன்னால் போட்டேன். உங்கள் லட்சணம் அம்மா பெயரில் வந்திருந்தது, நான்தான் திருத்தினேன் என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றோடு பேச்சை நிறுத்தினேன்.

சனிக்கிழமை, அம்மா வழக்கம்போல் யோகா வகுப்புக்குக் கிளம்பிய பிறகு பஸ் ஏறினேன். அச்சகத்தில் இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. படியெல்லாம் மை வாசனை. இரண்டாவது மாடியில் ஒரு மூடிய கதவு, வெளியே செருப்புக் குவியல். கடைசிப் படியில் அப்பா செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார்.

இரண்டு மாதத்தில் முதல்முறையாக அவரிடம் வாயைத் திறந்தேன்.

"வந்துட்டீங்களாப்பா? உள்ள போகாம ஏன் படியில உக்காந்திருக்கீங்க?"

அவர் எழுந்த வேகத்தில் தாள் கீழே விழுந்தது. நீ எப்படி இங்கே என்றார். கீழே போகலாம் வா என்று என் கையைப் பிடித்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். பயப்படாதீர்கள், நானும் கூட வருகிறேன் என்று கதவுப் பக்கம் இழுத்தேன்.

அப்போது கீழே இயந்திரம் நின்றது.

"இன்னையோட நாப்பத்தொம்பது நாள்" என்றது உள்ளே ஒரு குரல். "கை நடுக்கம் குறைஞ்சிருக்கு. எம் பொண்ணுக்கு இன்னும் தெரியாது."

"டீச்சரம்மா நாளை மட்டுமா எண்ணுறாங்க, மணியையும் சேர்த்தில்ல எண்ணுறாங்க" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் குரலும் சிரித்தது. பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கும் குரல். அம்மா.

சுவரைப் பிடித்துக்கொண்டேன். நான் எந்த லேபிளையும் மாற்றி ஒட்டியிருக்கவில்லை. இயந்திரம் இரண்டு முறை உண்மையைச் சொல்லியிருந்தது.

கீழே மறுபடி தடதடப்பு தொடங்கியது. அந்தச் சத்தத்தின் மறைவில் அப்பா என் காதருகே சொன்னார். விடைத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் கிடந்த பாட்டில்களைத்தான் அவர் தூக்கிப் போட எடுத்துப்போனாராம். என் ரிப்போர்ட்டைக் காட்டி, இது யாருடையது என்று அம்மாவிடம் கேட்டாராம். மகளுக்குத் தெரியக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு அம்மா இங்கே வந்தாளாம். குடிக்காதவர்களுக்கு உள்ளே இடமில்லை என்பதால் அவர் வாரா வாரம் படியில்.

"இப்ப உன்னைப் பார்த்தா, அடுத்த வாரம் வரமாட்டா. பழையபடி ஆயிடும்."

"உங்களை எப்படியெல்லாம் பேசிட்டேன்..."

"பேசினது நல்லதாப் போச்சும்மா. நீ என்கூடப் பேசாம இருக்கிற வரைக்கும்தான் உனக்குத் தெரியாதுன்னு அவ நம்புவா. அப்படியே இரு."

உள்ளே நாற்காலிகள் இழுபட்டன. அப்பா என் தோளைத் தள்ளினார். இரண்டிரண்டு படியாக இறங்கினேன்.

ஏழு மணிக்கு அம்மா வந்தாள். யோகா மாஸ்டர் முதுகை ஒடித்துவிட்டான் என்றாள். அவள் கையைப் பார்த்தேன். அன்று ரத்தம் எடுக்கும்போது அது நடுங்கியது. ஊசிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து, சின்னப் பிள்ளையா நீ என்று கேலி செய்திருந்தேன். ஒரு நாளைக்கு ஐம்பது கைகளைப் பிடிக்கிறவள் நான்.

பத்து நிமிடம் கழித்து, வேறெங்கிருந்தோ வருகிறவர்போல் அப்பா வந்தார். அம்மா தட்டுகளை வைத்தாள்.

"அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடு."

"நீயே கூப்பிடு" என்றேன்.

"பெத்த அப்பன்கிட்ட எத்தனை நாளைக்குடி இந்த வீம்பு?" என்றாள் அம்மா. சொன்னவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா எதிரே வந்து உட்கார்ந்து தலை குனிந்து சாப்பிட்டார். நடுவில் அவருக்கு விக்கியது. தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன்.