ஆதாரம் கேட்ட செவ்வாய்க்கிழமை

மகள் அப்பாவிடம் மனம் விட்டுப் பேசுகிற நம்பிக்கைக்கு விலையே கிடையாது என்பார்கள். உண்டு. முப்பத்தொரு லைக். டெரிக் பெனிங்டன் அந்த விலைக்குத்தான் கொடுத்தார். மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பேரம்கூடப் பேசாமல்.

பேரம் பேசாமல் எதையும் கொடுக்கிற ஆள் இல்லை டெரிக். இங்கிலாந்தின் வடமேற்கு ஓரத்தில், நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் யார்டை நம்பிப் பிழைக்கிற ஊர். அந்த ஊர் மார்க்கெட்டில் முப்பத்தெட்டு வருஷமாகக் கம்பளக் கடை வைத்திருக்கிறார். ஒரு துண்டுக் கம்பளத்துக்கு நாற்பது பவுண்டு சொல்லி, முப்பத்திரண்டில் கொஞ்ச நேரம் நின்று, வீட்டில் எழவு விழுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இருபத்தெட்டுக்குச் சுருட்டிக் கட்டுவார். அடக்க விலை பன்னிரண்டு.

இப்போது சனங்கள் கம்பளத்தையும் போனிலேயே வாங்குகிறார்கள். அதனால் டெரிக்கும் போனுக்குள் போனார். பிரிட்டனின் அரசியலைப் பேசித் தீர்க்கவென்றே ஒரு விவாதத் தளம். அதில் கட்சிகளுக்கு ஒரு அறை, பொருளாதாரத்துக்கு ஒன்று, தேசப் பாதுகாப்புக்கு ஒன்று. மூன்றிலும் டெரிக்குக்கு நாற்காலி உண்டு. அங்கே அவர் பெயர் 'கம்பளக்காரன்'. அவருடைய அப்பா சாகிறவரை லேபர் கட்சி. டெரிக் முதலில் லேபர், பிறகு கன்சர்வேடிவ், இப்போது ரிஃபார்ம். ஒவ்வொரு தடவையும் வாங்கிய சரக்கைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் அடுத்த கடைக்குப் போனவர்.

அங்கே அவருக்கு வாய்த்த எதிரி 'ப்ருடென்ஸ்62'. நாரிச் பக்கம் எங்கோ இருக்கிற, ஓய்வு பெற்ற வருமானவரிக்காரி. விடாப்பிடி லேபர். நாலு வருஷச் சண்டை. டெரிக் முக்கால் பக்கம் எழுதுவார். அவள் ஒற்றைச் சொல்லில் பதில் போடுவாள்: "ஆதாரம்?"

அந்தத் தளத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஆதாரம் கேட்டுத் தராதவன் பதிவுக்குக் கீழே ஆளாளுக்கு ஒரு காலித் தட்டுப் படம் போடுவார்கள். டெரிக் இதுவரை வாங்கிய தட்டுகளை வைத்து ஊருக்கே கல்யாண விருந்து போடலாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பேச்சு, புதுக் கப்பல் சொன்னபடி அக்டோபரில் வருமா என்பது. வரும் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. ப்ருடென்ஸும் சொன்னாள். வராது என்றார் டெரிக்.

"ஆதாரம்?" என்றாள் ப்ருடென்ஸ்.

முதல் தட்டு வந்தது. இரண்டாவது. ஒருவன் தட்டோடு முள்கரண்டியும் வைத்திருந்தான்.

"யோவ் டெரிக், கடையில ஆள் நிக்குதுய்யா!" என்றான் பக்கத்து முட்டைக் கடை ரான்.

"நிக்கட்டும். நாடு போயிட்டிருக்கு இங்க."

"நாடு எங்கயும் போகாது. அந்தம்மா போகுது பாரு."

டெரிக் நிமிரவில்லை. அவரிடம் ஆதாரம் இருந்தது. இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாட்டிறைச்சி ரோஸ்ட்டுக்குக் கிரேவி ஊற்றிக்கொண்டே அவர் மகள் கிர்ஸ்டி சொன்னது. கிர்ஸ்டி யார்டில் வெல்டிங்கைச் சோதித்துப் பார்க்கிறவள். அம்மா மாரீன் ஒரு டைல்ஸ்காரனோடு ஸ்பெயினுக்குப் போன நாளிலிருந்து, ஞாயிறு தவறாமல் அப்பாவோடு சாப்பிட வருகிறாள். சொல்லி முடித்துவிட்டு, "வெளிய சொல்லிடாதப்பா" என்றாள். "நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்றார் அவர். அந்த நிமிஷத்தில் அது பொய் இல்லை.

இப்போது தட்டச்சினார்: "ஆதாரம் எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசை. எம் பொண்ணு யார்டுல வெல்டிங் செக் பண்றவ. பின்பக்க வெல்டு மூணு தடவை ஃபெயில். அக்டோபர் இல்ல, அடுத்த மார்ச்லயும் கப்பல் வராது. போதுமா அம்மணி?"

தட்டுகள் நின்றன. லைக்குகள் கொட்டின. அடித்த மழைக்கு வெயில் வந்த மாதிரி இருந்தது அவருக்கு.

பத்து நிமிஷம் கழித்து ப்ருடென்ஸிடமிருந்து தனிச் செய்தி. "கம்பளக்காரரே, அதை உடனே எடுங்க. நான் தோத்துட்டேன்னே வெச்சுக்கோங்க. தயவு செஞ்சு எடுங்க."

வாங்க வந்தவர்கள் இரண்டடி போய்த் திரும்பிப் பார்க்கிற நடிப்பை டெரிக் முப்பத்தெட்டு வருஷமாகப் பார்த்திருக்கிறார். தோற்றவளின் தந்திரம் என்று நினைத்தார். இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது அவர் பதிவைப் பத்தொன்பது பேர் தங்கள் பதிலில் எடுத்துப் போட்டிருந்தார்கள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தன்னுடையதை அழித்தார். மற்ற பத்தொன்பதும் அங்கேயே இருந்தன. ஒவ்வொருவரையும் கெஞ்சினார். பதினாறு பேர் எடுத்தார்கள். ஒருவன் "எவ்வளவு தருவீங்க?" என்று கேட்டான். டெரிக் உடனே ஒரு தொகை சொன்னார். அவன் சும்மா விளையாடினானாம். ப்ருடென்ஸ் எழுதினாள்: "என்னோடதை எடுத்துட்டேன். ஆனா யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேற தளத்துல போட்டுட்டாங்க. ஆதாரம் கேட்டது பழக்க தோஷம். மன்னிச்சிடுங்க."

கம்பளக்காரன் யார் என்று கண்டுபிடிக்க யாருக்கும் கஷ்டம் இருக்கவில்லை. தளத்தில் அவர் வைத்திருந்த படத்தில் அவர் கடை இருந்தது. கடையில் போர்டு இருந்தது.

வியாழக்கிழமை கிர்ஸ்டியின் நுழைவு பாஸ் யார்டு வாசலில் வேலை செய்யவில்லை. வெள்ளிக்கிழமை யார்டு பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒருவர் டெரிக் வீட்டுக்கு வந்தார். டெரிக் நேராகப் பேரத்தில் இறங்கினார். "தப்பு என்னுது. அவள விட்டுடுங்க, என்னைப் பிடிச்சுக்கோங்க."

"உங்ககிட்டப் பறிக்க பாஸ் எதுவும் இல்லையே, மிஸ்டர் பெனிங்டன்," என்றார் அவர், வருத்தமாகவே.

ஞாயிற்றுக்கிழமை கிர்ஸ்டி வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. அடுப்பில் ரோஸ்ட் இருந்தது. அதைப் பார்க்கவும் இல்லை. மேசையில் யார்டு கொடுத்த ஒரு படிவத்தையும் பேனாவையும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒம்பது வருஷமா வேலையப் பத்தி நான் உங்கிட்ட சொன்னது அத்தனையும் எழுதணும். உன் கைப்பட. நானும் தனியா எழுதிக் கொடுத்துட்டேன். ரெண்டும் ஒத்துப்போனா, நான் எதையும் மறைக்கலைன்னு நம்புவாங்க. வேற பிரிவுக்காவது அனுப்புவாங்க."

"ஒத்துப்போகலைன்னா?"

"ஒண்ணு நான் பொய் சொல்றேன், இல்ல நீ மறைக்கிற. ரெண்டுமே எனக்கு ஒண்ணுதான்."

"நீ என்னம்மா எழுதின?"

"சொல்லக் கூடாது."

"ஒரு கோடு காட்டேன்."

"அப்பா." அவள் குரல் உயரவில்லை. "நாப்பத்திமூணு விஷயம். எண்ணிக்கைய சொன்னதே தப்பு. எழுது."

டெரிக் எழுதினார். வெல்டு. மார்ச் மாதம். வெளிநாட்டு இரும்பு தாமதமானது. ஆள் பற்றாக்குறை. பயிற்சிக்கு வந்தவர்கள் பாதியில் போனது. கிரேன் ரிப்பேர். கை சரசரவென்று ஓடியது. ஆறாவதில் நின்றது.

எழுதியதைப் படித்துப் பார்த்தார். ஆறும் தளத்தில் ஏதோ ஒரு சண்டைக்கு அவர் பயன்படுத்தியவை. கடைசி நாலும் மகள் பெயரை எடுக்காமல், 'கேள்விப்பட்டேன்' என்று. மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பேசியது நினைவிருந்தது. வாய் அசைந்தது, முள்கரண்டி தட்டில் பட்டது, ஒரு தடவை சிரித்தாள், ஒரு தடவை கண்ணைத் துடைத்தாள். சத்தம் மட்டும் இல்லை. அந்த நேரத்தில் அவர் ப்ருடென்ஸுக்கு என்ன பதில் போடலாம் என்று மனசுக்குள் எழுதிக்கொண்டிருந்திருப்பார்.

"யாரோ மேலதிகாரியோட ஏதோ தகராறுன்னு சொன்னியே... அவர் பேரு என்னம்மா?"

கிர்ஸ்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொல்லக் கூடாது. உட்கார்ந்தபடியே வலது முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"முட்டியில என்ன? யார்டுல அடிபட்டதா? எங்கிட்ட சொன்னியா?"

அவள் தோள் மட்டும் ஒரு தடவை குலுங்கியது.

டெரிக் பேனாவை எடுத்து ஏழாவதாக 'முட்டி' என்று எழுதினார். கேள்விக்குறி போட்டு, அதை அடித்துவிட்டார்.

மகள் சொன்னது நாற்பத்து மூன்று. அப்பா காதில் விழுந்தது ஆறு. முட்டியைச் சேர்த்தால் ஏழு. பாக்கி முப்பத்தாறு.