படத்தில் இல்லாத சவுக்கு மரங்கள்

காபிக் கோப்பையோடு கண்ணாடிச் சுவரருகே வந்த கோலீன் திடுக்கிட்டு நின்றாள். வீட்டுக்கு முன்னால் மணல்மேட்டில் பட்டுப்போய் நின்ற சவுக்கு மரங்களில் ஒன்று சாய்ந்து கிடந்தது. அதோடு மேட்டிலும் பாதி சரிந்திருந்தது. நீச்சல்குளத்துக்குக் கீழே அலை அடித்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை புயலாம், ரேடியோ விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

நியூ சவுத் வேல்ஸ் கரையில் இப்படியொரு கண்ணாடி மாளிகைக்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பார்கள். கொடுத்து வைத்தவளோ பதறிப்போய், வீட்டை வடிவமைத்த ஃபிலிப்பாவுக்குப் போன் போட்டாள்.

ஃபிலிப்பா வந்ததும் நேரே மேட்டில் இறங்கினாள். மற்ற மரங்களின் அடியில் வரிசையாகத் துளைகள் இருந்தன. யாரோ துளை போட்டு விஷம் ஊற்றியிருக்கிறார்கள்.

"மரம் பட்டது நோய்னுதானே சொன்னீங்க, டெரன்ஸ்?" என்றாள், வீட்டுக்குள் திரும்பி வந்து கோலீனின் கணவனிடம்.

"ஆமா, நோய்தான்."

"நோய் என்ன, டிரில்லிங் மெஷினைத் தூக்கிக்கிட்டா வந்துச்சு?"

கோலீன் கணவனைப் பார்த்தாள். அவன் முகமே காட்டிக்கொடுத்துவிட்டது. "அடப்பாவி! நீயா?"

"ஆமா, நான்தான்! ஊர் கவுன்சில்ல ஒரு கிளையைக்கூட வெட்ட விடல. மரத்தைப் பார்க்கவா இங்க வீடு கட்டினோம்?"

"அந்த வேர்தான்யா மணலைப் பிடிச்சு வச்சிருந்துச்சு!" ஃபிலிப்பா கத்தினாள். "மேடு போனா வீடும் போயிடும்."

டெரன்ஸ் சுவரில் மாட்டியிருந்த வீட்டுப் படத்தைக் காட்டினான். கட்டுவதற்கு முன் ஃபிலிப்பா வரைந்து தந்தது. "இதுல ஒரு மரமாவது இருக்கா? வெறும் கடலைக் காட்டித்தானே எங்களை மயக்குனீங்க?"

வாடிக்கையாளருக்குக் கடல் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று மரங்களை விட்டுவிட்டு வரைவதுதான் ஃபிலிப்பாவின் அலுவலக வழக்கம். அதை ஒரு தப்பாக அவள் நினைத்ததே இல்லை. வெட்கமாக இருந்தது.

வெளியே பொலபொலவென்று சத்தம் கேட்டது. நீச்சல்குளத்தின் ஓரம் விரிசல் விட்டிருந்தது.

"கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பிடலாமா?" டெரன்ஸ் கெஞ்சினான்.

"சனிக்கிழமைக்குள்ளயா? முதல்ல வீட்டைக் காலி பண்ணுங்க. கவுன்சிலுக்கு நானே சொல்றேன். நீங்க மரத்தைக் கொன்னதையும் சொல்வேன், அதுக்கு முன்னாடியே நான் படத்துல கொன்னதையும் சொல்வேன். காவலுக்கு நின்ன மரத்தைக் கடலை மறைக்குதுன்னு நினைச்சது நம்ம தப்பு. இனி இருக்கிற மரத்தை விட்டுட்டு ஒரு வீடும் வரைய மாட்டேன்."

கோலீன் துணிகளை அள்ளிப் பெட்டியில் திணித்தபடி கணவனிடம் சொன்னாள்:

"கடல் நல்லாத் தெரியணும்னு சொன்னியே, இப்ப வீட்டுக்குள்ளயே வருது, பாரு!"