பிரிக்காத இசைத்தட்டு

பழைய இசைத்தட்டுக் கடையில் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு. தட்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் உரிமை. பெட்டியில் திருப்பி வைத்துவிட்டால் அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம், வைத்தவர் வாயே திறக்கக் கூடாது. இன்னொன்று, தேடியது கிடைத்தால் முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது. இஸ்திரிக்காரி எட்டு வருஷமாக வருகிறவள், இதெல்லாம் அத்துப்படி. இருந்தும் அன்று மதிய இடைவேளையில், மூன்றாவது பெட்டியின் அடியில் அந்த நீல அட்டை தட்டுப்பட்டதும், "கடவுளே, இதுவா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அது உறைக்காரர் காதில் விழுந்தது. வீட்டில் நாலாயிரம் தட்டு வைத்திருக்கும் மனுஷர். ஒன்றைக்கூட உறையை விட்டு வெளியே எடுத்ததில்லை என்பதால் கடையில் அவருக்கு அந்தப் பெயர். எட்டிப் பார்த்தார். தொழிற்சாலையில் சுற்றிய கண்ணாடித் தாள்கூட இன்னும் பிரியாமல் இருந்தது.

"அதை எனக்கு விட்டுடும்மா. உனக்கு வேற நல்லதா அஞ்சு வாங்கித் தரேன்."

"இல்ல சார். இதுதான் வேணும்."

"இது கேக்கற சரக்கில்லம்மா. பிரிக்காம வச்சிருக்கணும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தட்டின் இரண்டாம் பக்கத்தில் வயலின் வாசித்தது அவள் அம்மா. அட்டையில் படம் எடுத்தவன் பெயர்கூட இருக்கிறது, அம்மா பெயர் இல்லை. ஒரு பிரதியாவது கொடுத்தார்களா அந்தப் புண்ணியவான்கள்? ரேடியோவிலும் முதல் பக்கத்தைத்தான் போட்டார்கள். இப்போது அம்மாவுக்கு ஒரு காது போய்விட்டது. மற்றது இந்த வருஷத்தைத் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தான் வாசித்ததை அம்மா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

கடைக்காரர் எழுந்து வந்தார். உறைக்காரர் பெரிய வாடிக்கை, பகைத்துக்கொள்ள முடியுமா?

"குடு தங்கச்சி, தூசி தட்டித் தரேன்."

பழக்கதோஷத்தில் அவள் கை பாதி தூரம் நீண்டுவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. கை மாறினால் உரிமையும் மாறிவிடும். தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"தூசி இருந்துட்டுப் போகட்டும்ணே. நான் தொடச்சுக்கறேன்."

"சார் மனசு கஷ்டப்படும்மா."

"படட்டும்ணே. எனக்கு என்ன வந்துது."

அட்டையில் ஒட்டியிருந்த விலையைக் கல்லாவில் வைத்தாள். உறைக்காரர் விடுவதாக இல்லை.

"நீ வாங்கினாலும் நான் விடமாட்டேம்மா. உன் வீட்டுக்கே வந்து கேப்பேன். இது பிரியாம இருக்கிற வரைக்கும் நீ சொல்றதுதான் விலை."

பிரியாமல் இருக்கிற வரைக்கும்தானே? இஸ்திரிக்காரி கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். இத்தனை வருஷம் காத்திருந்த தாள் ஒரு நொடியில் கிழிந்து தொங்கியது. உறைக்காரர் பக்கத்திலிருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"மதிப்பே போச்சேம்மா."

"போகட்டும் சார். இனிமே இது கேக்கற சரக்கு."

கடைக்காரருக்கு முகம் செத்துவிட்டது. சமாதானம் போல, ஓரத்திலிருந்த ரெக்கார்டு பிளேயரின் மூடியைத் திறந்தார்.

"கீறல் இருக்கான்னு ஒரு தடவை போட்டுப் பாத்துடலாமா தங்கச்சி?"

"வேண்டாம்ணே," என்று அவள் கதவைத் தள்ளினாள். "முதல்ல வாசிச்சவங்க கேக்கட்டும்."