ராஜியின் மோதிர விரல்

சேஷன் கீபோர்டுக்குப் பின்னால் குனிந்து வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அது வருவேனா என்றது. வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றாகிவிட்டது.

"சார், ஜல்தி பண்ணுங்கோ. அவாளை உள்ள கொண்டுவரணும்," என்றார் அடுத்த குவார்ட்டர்ஸ் சந்திரசேகர்.

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் கூடம் என்றால் எவ்வளவு இருந்துவிடப் போகிறது? நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாமவர் நிலைப்படியில் நிற்க வேண்டியதுதான். அதிலும் பாதியை ராஜியின் கீபோர்டு அடைத்துக்கொண்டிருந்தது. இப்போது ராஜியைக் கிடத்த இடம் வேண்டும். கடைசியில் சந்திரசேகர் ஓர் இழு இழுக்க, வயர் கையோடு வந்தது. இருவருமாகக் கீபோர்டைத் தூக்கிப்போய் உள்ளறையில் கம்ப்யூட்டர் பக்கத்தில் சாத்தினார்கள்.

நெஞ்சு வலி என்று முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தது. விடியற்காலையில் போய்விட்டாள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் மேதா முதல் விமானத்தைப் பிடித்துவிட்டாள். ஆனால் ஜனவரி மாதத்து டெல்லிப் பனி யாருக்காக விலகியிருக்கிறது? விமானத்தை ஜெய்ப்பூரில் இறக்கிவிட்டார்களாம். அங்கிருந்து டாக்ஸியில் வந்துகொண்டிருந்தாள்.

"குழந்தை வராம எடுக்கறதில்லை," என்றார் சேஷன்.

"பொழுது சாயறதுக்குள்ள வந்துடணும்," என்று சாஸ்திரிகள் முகத்தைச் சுளித்தார்.

ஆக, காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. சிவப்புப் புடவையும் தலை கொள்ளாத பூவுமாக ராஜி படுத்திருந்தாள். எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் பெரிய கெட்டிலில் டீ கொண்டுவந்து, "தோடா சா பீ லோ, பாய்சாப்," என்று கொஞ்சமாவது குடிக்கச் சொல்லிக் கெஞ்சினாள். சேஷன் வாங்கிக் கையில் வைத்தபடியே ஆறவிட்டார். மூலையில் யாரோ போட்ட ஸ்லோக கேசட் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஜனக்புரியிலிருந்து வந்திருந்த ராஜியின் அக்கா விசாலாக்ஷிதான் எழுந்துபோய் அதை நிறுத்தினாள்.

"சேஷு, அவ வாசிச்சதெல்லாம் கம்ப்யூட்டர்ல வெச்சிருக்கேளே, அதுல ஒண்ணு போடுங்கோ. மேதா வர வரைக்கும் ராஜி கை கேக்கட்டும் இந்த ஆத்துல."

இத்தனை துக்கத்திலும் சேஷனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அது அவருடைய இலாகா அல்லவா! மினிஸ்ட்ரியில் செக்‌ஷன் ஆபீசர். விதி, உபவிதி, விலக்கு என்றால் மனிதருக்கு உயிர். நேரு பிளேஸில் ஒரு சிடி வாங்கிவந்து, மியூசிக் சாஃப்ட்வேர் போட்டு, கீபோர்டைக் கம்ப்யூட்டரோடு இணைத்த அன்று அவர் கால் தரையில் பாவவில்லை. மிடி என்கிற அந்தச் சமாசாரம் சத்தத்தைப் பதிவு செய்வதில்லை. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் அழுத்தினார்கள் என்று எண்ணெண்ணாகக் குறித்துக்கொள்கிறது. எண் என்று வந்துவிட்டால் அதற்கு விதி போட்டுவிடலாமே! போட்டார். ராஜியின் மோதிர விரல் போகிற போக்கில் பக்கத்துக் கட்டையையும் தொட்டுவிட்டுத்தான் போகும். 'அழுத்தம் குறைவாகவும், நீளம் துளியாகவும் இருந்தால், நீக்கு.' இவ்வளவுதான் விதி. 'மோதிர விரல்' என்று அதற்குப் பெயரும் சூட்டினார். பொத்தானைத் தட்டினால் போதும், அந்தப் பிசிறெல்லாம் ஓடிப்போய்விடும்.

"நானா வாசிச்சேன் இது? உங்க மிஷின் என்னைவிட நன்னா வாசிக்கறதே!" என்று ராஜி சிரிப்பாள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார், அசட்டு மனுஷர்.

உள்ளறைக்குப் போய் நவராத்திரிக்கு அவள் வாசித்த மோகன ராகத்தைப் போட்டார். பிசிறில்லாமல், துடைத்துவிட்ட மாதிரி வந்தது. திரும்பிப் பார்த்தால், விசாலாக்ஷி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"இது யாரு?"

"ராஜிதான், அக்கா."

"சும்மா இருங்கோ. என் தங்கை கை எனக்குத் தெரியாதா? மோகனத்துல ஏது மத்யமம்? 'ம' சுரமே கிடையாதே. ஆனா அவ வாசிச்சா அதுலகூட மத்யமம் எட்டிப் பாத்துடும். ஹார்மோனியம் கத்துக்கறச்சே இதுக்குன்னே அப்பா கையால குட்டு வாங்குவா. வாங்கிண்டு, மறுபடியும் தொடுவா! அது எங்க?"

"அதெல்லாம்... சுத்தம் பண்ணிட்டேன்."

"எல்லாத்துலயுமா?"

சேஷன் மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் குனிந்தார். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். கோயில் பஜனைக்கு வாசித்தது, மேதா குழந்தையாயிருந்தபோது பாடின தாலாட்டை வாசித்தது, மழை நாளில் சும்மா வாசித்தது. எல்லாவற்றையும் சுத்தம் செய்து, அதன் மேலேயே சேமித்தும் வைத்திருந்தார். பழையது ஒன்றுகூட மிச்சமில்லை. கூடத்தில் கிடப்பவளும் போய், இங்கே இருந்தவளையும் தன் கையாலேயே துடைத்துப் போட்டாகிவிட்டதா? அட பாவி மனுஷா!

கடைசியில் ஒன்று இருந்தது. பொங்கலன்று சாயந்தரம் வாசித்தது. அதையும் சுத்தம் செய்தோமா? குடியரசு தின வாரத்து ஆபீஸ் வேலையில் ஒன்றும் நினைவில்லை. திறந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்களின் வரிசையில் தேடினார். இருந்தன! நீளமான சுரங்களுக்கு நடுவே பொடிப் பொடியாக, லேசான அழுத்தத்தில். பழக்க தோஷம், அவர் விரல் தானாகவே அந்தப் பொத்தானுக்குப் போய்விட்டது. சூடான தோசைக்கல்லைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

ஓட விட்டார். மோகனம்தான். இரண்டாவது அடியிலேயே, இருக்கக் கூடாத இடத்தில், மத்யமம் ஒரு கணம் தலையைக் காட்டிவிட்டுப் போனது.

"அதோ! வந்துட்டா பாருங்கோ, வந்துட்டா!" என்று விசாலாக்ஷி தொடையில் தட்டிக்கொண்டாள். சிரிப்பாகத் தொடங்கியது அழுகையாக முடிந்தது. காலையிலிருந்து கண் கலங்காத சேஷன் நாற்காலியிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். வெட்கப்படவில்லை.

மதியம் கழிந்து மேதா வந்து சேர்ந்தாள். அம்மாவின் மேல் விழுந்து, தமிழும் இந்தியுமாக ஏதேதோ சொல்லி ஓய்ந்த பிறகு, உள்ளறையில் அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"க்யா கர் ரஹே ஹோ, அப்பா? என்ன பண்ணிண்டிருக்கே? வெளில எல்லாரும் வெயிட் பண்றா."

"ஒரு நிமிஷம், கண்ணா."

விதியின் முன்பாதியை அவர் தொடவில்லை. அழுத்தம் குறைவாகவும், நீளம் துளியாகவும் இருந்தால். கடைசிச் சொல்லை மட்டும் மாற்றினார். 'நீக்கு' இருந்த இடத்தில் 'தனியே எடு'. பொங்கல் வாசிப்பின் மற்ற சுரங்களையெல்லாம் ஓசையின்றி அடக்கிவைத்துவிட்டு, பொத்தானைத் தட்டினார்.

ஒன்றும் கேட்கவில்லை. பிறகு லேசாக ஒரு தொடல். வெகுநேரம் கழித்து இன்னொன்று.

"என்னப்பா இது? ட்யூனே இல்லையே," என்றாள் மேதா.

"இத்தனை வருஷமா உங்கம்மாகிட்டேர்ந்து நான் தூக்கிப் போட்டதெல்லாம் இதுதாம்மா."

மேதா அவர் தோளில் கை வைத்தாள். கூடத்திலிருந்து சாஸ்திரிகள், "நாழி ஆறது, வாங்கோ," என்று குரல் கொடுத்தார். சேஷன் எழுந்தார். கம்ப்யூட்டரை நிறுத்தவில்லை.

சந்திரசேகரும் மற்ற மூவரும் குனிந்து தோள் கொடுத்தார்கள். விசாலாக்ஷியின் அழுகை உயர்ந்து அடங்கியது. நிலைப்படியைத் தாண்டப்போகிற சமயம், உள்ளே இருந்து மத்யமம் ஒன்று கேட்டது.

தூக்கியவர்கள் நின்றுவிட்டார்கள். அவசரப்படுத்திக்கொண்டிருந்த சாஸ்திரிகள் உட்பட எல்லோரும், அடுத்தது வருவதற்காக நின்றார்கள்.