இன்னொருவர் யார்?

எங்கள் இதழியல் துறையில், இரண்டு பேர் உறுதிப்படுத்தாத எதுவும் நடந்ததாக ஆகாது. பேராசிரியர் அருமைநாயகம் வைத்த விதி அது. எழுதிக் கொடுத்த தாளின் ஓரத்தில் ‘இன்னொருவர் யார்?’ என்று அவர் சிவப்பு மையில் எழுதிவிட்டால், அந்தச் செய்தி நடக்காமல் போய்விடும்.

இதனால் பிழைத்தவர்களும் உண்டு. என் வகுப்புத் தோழன் செய்யது மூன்று பாடங்களில் தோற்றதை மதிப்பெண் பட்டியல் ஒன்று மட்டுமே சொன்னது. அவன் தேறிவிட்டான், இப்போது ஒரு நாளிதழில் வேலை. சாரைப் போல உண்டா என்பான். அதே வகுப்பு ஜெனிட்டாவிடம் ஒருவன் காதலைச் சொன்னபோது பக்கத்தில் யாரும் இல்லை. அவன் தினமும் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, முதல் தடவை பார்ப்பவன் போல அவளிடம் பெயர் கேட்கிறான். அவளும் சொல்கிறாள். சார் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவாள்.

என் அப்பா ஒரு செவ்வாய்க்கிழமை மாலை பெரியாஸ்பத்திரியில் இறந்தார். ‘ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர் இசக்கியப்பன், மகன் உடனிருக்க, அமைதியாகக் காலமானார்’ என்று துறையின் சுவரிதழுக்கு எழுதிக் கொடுத்தேன். தாள் திரும்பி வந்தது. நர்ஸிடம் கேட்டேன். அப்போதுதான் டியூட்டி மாறி வந்ததாகவும் எதையும் பார்க்கவில்லை என்றும் சொன்னார். ஆகவே அப்பா ஆஸ்பத்திரிச் சட்டையோடு என்னுடன் பஸ்ஸில் வீடு திரும்பினார். கண்டக்டர் ஒரு டிக்கெட்தான் கிழித்தார்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அப்பாவுக்கு அப்படியில்லை. சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவர் மாதிரி நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். பதினோராவது நாள், "என்னய விட்ருப்பா, முடியல" என்றார்.

சாரிடம் போய் அழுதேன். அவர் குடையும் நோட்டுமாக வீட்டுக்கே வந்துவிட்டார். பெயர், வயது, கடைசியாக ஏறிய மின்கம்பம் வரை விசாரித்தார். வேறு ஆள் இல்லாத இடத்தில் சம்பந்தப்பட்டவரே சொல்லலாம், ஆனால் சொன்னது முழுவதும் வெளியாகும் என்றார். அப்பா தலையாட்டினார்.

"அமைதியாகன்னு உங்க மகன் எழுதியிருக்கான். அப்படித்தானா?"

"இல்ல சார். கதவையே பாத்துட்டுக் கெடந்தேன். இவன் டீ குடிக்கப் போயிருந்தான்." அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது வேண்டாம் சார், பையன் பாவம்" என்றார்.

"சொல்லிட்டீங்களே" என்ற சார் என் பக்கம் திரும்பினார்.

பதினோரு நாளாக நான் யாரிடமும் சொல்லவில்லை. டீ குடித்து முடித்த பிறகும், வடை அப்போதுதான் போட்டார்கள் என்று பத்து நிமிடம் நின்றேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "ஆமா சார், நான் இல்ல" என்றேன். அப்பா இறந்தபோது நான் உடன் இல்லை என்பதற்கு அப்பா ஒருவர், நான் ஒருவர். இரண்டு பேர் ஆகிவிட்டது. சார் நோட்டை மூடினார்.

மறுநாள் காலை ஜெனிட்டா போன் செய்து, சுவரிதழ் ஒட்டியாச்சு என்றாள். ‘இசக்கியப்பன் காலமானார். மகன் உடன் இல்லை.’ வாசித்துக் காட்டிவிட்டு வைத்தாள். அப்பா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், இந்தத் தடவை கடைசிவரை.

மதியத்துக்குள் சொந்தக்காரர்கள் நிறைந்துவிட்டார்கள். அப்பாவைக் குளிப்பாட்ட மகன்தான் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து நீர்மாலை எடுக்கவேண்டும், அவன் எங்கே என்று ஆளாளுக்குத் தேடினார்கள். மாடியில் பார்த்தார்கள், கிணற்றடியில் பார்த்தார்கள், அப்பாவின் பக்கத்திலேயே நின்ற என்னைத் தாண்டித்தான் போனார்கள். சித்தப்பா காலிக் குடத்தோடு வந்து என் தோளில் கை வைத்தார்.

"அண்ணன் மவன் வந்துருவானா?" என்று கேட்டார்.

கொஞ்ச நேரம் பார்ப்போம் என்றேன். குடத்தை அவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டு பேருமாகத் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.