யாசாவில் பிழிந்த எலுமிச்சை

இன்றைக்கும் தொழுது முடித்தால் திபோர் முதலில் அல்லாவிடம் கேட்பது சிபெத்தின் நலத்தைத்தான். பெற்ற பிள்ளைகள் அப்புறம். கேட்காமல் என்ன செய்வாள்?

காவோலக் ஊரில் திபோரின் கணவன் ஜேகானுடைய வாய்க்கு அஞ்சாதவர் கிடையாது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, டயாலிசிஸ் நாற்காலியே கதி என்றான பிறகும் அந்த வாய் ஓயவில்லை. அவன் செரேர் இனத்தான். அங்கே நர்ஸாக இருந்த சிபெத், ஜோலா இனத்தவள். அந்த இரண்டு கூட்டத்துக்கும் கேலிமுறை உண்டு. ஒருவரை ஒருவர் அடிமை என்று ஏசலாம், தின்னிப் பண்டாரம் என்று திட்டலாம். கோபித்துக்கொண்டால்தான் மானக்கேடு.

ஒருநாள் திபோர் வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துச் செய்யும் கோழி யாசா சமைத்து எடுத்துப் போயிருந்தாள். சிபெத் உரிமையோடு ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டாள்.

"யாசா எங்க சாப்பாடு. உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? புளிப்பையே காணோம். எங்க வீட்டு ஆடுகூட மோந்து பாத்துட்டுப் போயிடும்."

"அடிமைக்கு நாக்கு நீளந்தான்," என்று திபோர் சிரித்தாள். உள்ளுக்குள் சுருக்கென்றது. சமையலைக் குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதிலிருந்து வீம்புக்கு எலுமிச்சையைப் பிழிந்து தள்ளினாள். சிபெத் ஒவ்வொரு தடவையும் "இன்னும் பத்தல" என்றாள். இவள் இன்னும் பிழிந்தாள்.

ஜேகான் ஆசை ஆசையாகச் சாப்பிட்டான். சாப்பாட்டோடு அலுமினிய மாத்திரையையும் மென்றான். உணவிலுள்ள பாஸ்பரஸ் ரத்தத்தில் ஏறாமல் பிடித்துவைக்க டாக்டர் கொடுத்தது அது. வழக்கமான மாத்திரை ஊரில் கிடைக்காமல் போனதால் வந்த மாற்று.

மழைக்காலத்தில் அவன் பேச்சு திக்கத் தொடங்கியது. கை துள்ளியது. மகளைப் பார்த்தவன் அவள் பெயருக்காகத் தவித்தான். சிபெத் வழக்கம்போல ஏசினாள். பதிலுக்கு வாயைத் திறந்தான், ஒரு சொல்லும் வரவில்லை. ஆள் நாற்காலியில் இருக்க, திபோருடைய ஜேகான் எங்கோ போய்க்கொண்டிருந்தான்.

ரத்தத்தைத் தலைநகர் டாக்காருக்கு அனுப்பிப் பார்த்ததில் அலுமினியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டர் முதலில் டயாலிசிஸ் இயந்திரத்துத் தண்ணீரைச் சந்தேகித்தார். சோதித்ததில் தண்ணீர் சுத்தமாக இருந்தது, அதே தண்ணீரில் மற்றவர்களும் நன்றாகவே இருந்தார்கள்.

"மாத்திரையிலேருந்து இவ்வளவு ஏறாதே," என்றார். "பெரும்பாலும் குடல் வழியாவே வெளிய போயிடுமே."

அப்போது சிபெத் கேட்டாள். "திபோர், இப்பெல்லாம் எவ்வளவு எலுமிச்சை பிழியற?"

திபோர் சொன்னாள். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அந்தப் புளிப்புதாம்மா அலுமினியத்தைக் கரைச்சு குடலைத் தாண்ட விட்டிருக்கு. நமக்குன்னா சிறுநீர்ல போயிடும். இவருக்குப் போக வழியில்ல, மூளையில தங்கிடுச்சு. மாத்திரை கொடுத்தப்பவே நான் எச்சரிச்சிருக்கணும்."

"என் கையாலயே பிழிஞ்சு கொடுத்தேனே," என்றாள் திபோர்.

"பிழிய வெச்சது என் வாய்," என்றாள் சிபெத், டாக்டர் முன்னாலேயே.

யோசித்துப் பாருங்கள். அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பழி தன் தலையில் விழும் என்று தெரிந்தும் கேட்டாள். கேட்டிருக்காவிட்டால் திபோர் பாசத்தோடு பிழிந்துகொண்டே இருந்திருப்பாள், அவனும் மாத்திரையை மென்றுகொண்டே இருந்திருப்பான்.

மாத்திரை நின்றது. ஏறிய உலோகத்தை இழுக்கும் மருந்தை டயாலிசிஸின்போது ஏற்றினார்கள். வாரங்கள் போயின. ஒரு சொல் வந்தது, அப்புறம் மகள் பெயர் வந்தது. திபோர் ஒவ்வொன்றுக்கும் அல்லாவுக்கு நன்றி சொன்னாள். ஆனாலும் அந்தப் பழைய வாய் வருமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை.

கம்பு அறுவடைச் சமயத்தில் ஒரு காலை. சிபெத் ஊசியோடு குனிந்தாள்.

"ஏய் ஜோலாக்காரி," என்றான் ஜேகான். "இப்படிக் கை நடுங்குற அடிமையையா எங்க தாத்தா ஒரு மூட்டை கம்பு கொடுத்து வாங்கினாரு? நல்லா ஏமாந்துட்டாரு மனுசன்."

ஒரு சொல்கூடத் திக்கவில்லை.

முறைப்படி சிபெத் திருப்பி ஏச வேண்டும். அவள் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். திபோர் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"நீ நல்லா இருக்கணும் தாயி," என்றாள், அன்றைக்கு மட்டும் கேலியில்லாமல்.