ஜெபத்தில் சொன்னால் திட்டு கிடையாது

அந்த வீட்டில் குடும்ப ஜெபம் மாலை ஏழரை மணிக்கு. ஹாலில் சோபாவுக்கும் துணி காயப்போடும் ஸ்டாண்டுக்கும் நடுவே பாயை விரித்தால் நாலு பேர் முழங்கால் போடலாம். கொஞ்சம் பின்னால் சாய்ந்தால் ஈரத் துண்டு தலையில் விழும். வயதில் சிறியவர் முதலில் ஜெபிக்க வேண்டும் என்பது ஒழுங்கு. ஆறு வயது சின்னவன் தொடங்குவான். அடுத்து பத்து வயது மகள், பிறகு அம்மா, கடைசியாக அப்பா.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். வாய் திறக்கப் பயப்படுகிறவர்களை நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வருகிறவள். வீட்டில் அவளுக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

போன வருஷம் ஒரு நாள், மகள் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, அப்பாவோட ரசமட்டத்தை உடைச்சது நான்தான், மன்னியும்" என்று ஜெபித்தாள். மெக்கானிக் மட்டம் பார்க்கும் அந்தக் கருவியை மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்தார். அவர் பாயிலிருந்து பாதி எழுந்தபோது மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளைகள் வீட்டில் பயமில்லாமல் உண்மை பேசப் பழக வேண்டும் என்று அந்த வாரம்தான் போதகர் சபையில் சொல்லியிருந்தார். மெக்கானிக் மறுபடி முழங்கால் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சட்டம் போட்டார்: "சரி. இனிமே ஜெபத்துல ஒத்துக்கிட்டா திட்டு கிடையாது. ஜெபம் முடிஞ்ச பிறகும் அதப்பத்திப் பேச்சு கிடையாது."

அதை அவர் பெருந்தன்மையாகத்தான் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்தது யார் என்று யோசிக்கவில்லை. ஒரே மாதத்தில் மகளுக்கு வீட்டில் 'வக்கீல்' என்று பெயர் வந்துவிட்டது.

"அப்பா, இன்னிக்கு ஜெபத்தைச் சீக்கிரம் வச்சுக்கலாமா?" என்று பிள்ளைகளில் ஒருவர் கேட்டால் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். ஜன்னல் கண்ணாடி போன நாளில் ஐந்தேகாலுக்கே பாய் விரித்துக் கிடந்தது. பிறகு வக்கீல் இன்னும் ஒரு படி மேலே போனாள். "ஆண்டவரே, நாளைக்கு நான் கணக்கு வீட்டுப்பாடம் செய்ய மாட்டேன், இப்பவே மன்னியும்." மெக்கானிக் திருத்தம் கொண்டுவந்தார்: நடந்ததற்குத்தான் மன்னிப்பு, நடக்கப்போவதற்கு இல்லை. அடுத்த வாரம் சின்னவன், "அக்கா என்னைக் கிள்ளினாள், அவளை மன்னியும்" என்று ஜெபித்ததால் இரண்டாம் திருத்தம்: அவரவர் குற்றத்தை மட்டும் சொல்ல வேண்டும். அம்மாவுக்காகவே ஒரு மூன்றாம் திருத்தமும் உண்டு. "கர்த்தாவே, ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிறவர்களுக்கு நல்ல புத்தி தாரும்" என்று அவள் உருக்கமாக வேண்டிக்கொண்டபோது, ஜெபத்தில் ஜாடையாகத் திட்டக் கூடாது என்று வக்கீலே எழுந்து நின்று சொன்னாள். எல்லாம் அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுதப்பட்டிருக்கிறது.

இப்படிப்பட்ட வீட்டில்தான் மெக்கானிக் ஒரு பொய் சொன்னார்.

மூன்று வாரம் முன்பு அன்றைய வேதப் பகுதி, கூடப் பிறந்தவனை மன்னிப்பது பற்றியது. அவர் நன்றாகவே விளக்கினார். விளக்கி முடித்ததும் சின்னவன் கேட்டான்.

"அப்பா, நீங்க பெரியப்பாவை மன்னிச்சாச்சா?"

பெரியப்பா மெக்கானிக்கின் அண்ணன். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. தம்பி பராமரிக்கிற ஒரு கட்டடத்தில், நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில், நாற்பது நிமிஷம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர். தம்பிதான் வந்து இறக்கிவிட்டார். வெளியே வந்த அண்ணன் நன்றி சொல்லவில்லை. "நான் உள்ள வேர்த்து வழிஞ்சு நிக்கிறேன், நீ வெளிய டீ குடிச்சுக்கிட்டு இருந்திருக்கே. வாசம் உள்ள வரைக்கும் வந்துச்சுடா!" என்றார். அதையே சொந்தக்காரர்கள் கூடின இடத்திலும் சொன்னார். இரும்புக் கதவைத் தாண்டி டீ வாசம் வருமா என்று எல்லாரும் சிரித்தார்கள். "கண்ணைப் பாக்கிற ஆளுக்கு மூக்கு எதுக்கு?" என்று தம்பியும் சேர்ந்து சிரித்தார். அன்றோடு சரி.

"சொல்லுங்கப்பா, மன்னிச்சாச்சா?"

"ஆச்சு, ஆச்சு. போன் போட்டுப் பேசிட்டேன்" என்றார் மெக்கானிக். புத்தகத்தை மூடிவிட்டு, சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டார்.

அன்றிலிருந்து சின்னவன் தினமும், "அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்ததுக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ஜெபித்தான். மற்ற மூவரும் ஆமென் சொன்னார்கள். முதல் நாள் மெக்கானிக்கின் ஆமென் சத்தமாக வந்தது. இரண்டாம் வாரத்தில் அது இருமலாகிவிட்டது. "தொண்டைக்கு ஏதாவது மாத்திரை போடக்கூடாதா?" என்றாள் மனைவி.

அந்த வியாழக்கிழமை சின்னவன் ஒரு வரி சேர்த்துக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை சபையில எல்லார் முன்னாடியும் அப்பா பெரியப்பாவை மன்னிச்சதைப் பத்தி நான் பேசப் போறேன். பயமில்லாம பேச உதவி செய்யும். சண்டே ஸ்கூல் டீச்சர் பெரியப்பாவையும் வரச் சொல்லி போன் பண்ணப் போறாங்க, அதுக்கும் ஸ்தோத்திரம்."

மெக்கானிக் பின்னால் சாய்ந்தார். ஈரத் துண்டு தலையில் விழுந்தது.

மறுநாள் வேலையிடத்தில், மொட்டை மாடி மோட்டார் அறைக்குள் நின்று அண்ணன் எண்ணை நாலு தடவை அழுத்தினார். நாலு தடவையும் மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லலாம்தான். ஆனால் அண்ணன், "எதுக்குடா? டீயை நீ குடிச்சிட்டு, என்னை எதுக்கு மன்னிக்கிறே?" என்று கேட்டால்? ஏனென்றால் அவர் குடித்திருந்தார். மின்சாரத்தை நிறுத்திவிட்டு லிஃப்ட் நின்ற மாடிக்குப் போனபோது காவலாளி டம்ளரை நீட்டினார். அண்ணன்தானே, கொஞ்சம் நிற்கட்டும் என்று நினைத்தது அவருக்கு இப்போதும் நன்றாக ஞாபகம் இருந்தது.

அன்று மாலை ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்து, கால்கூடக் கழுவாமல் நின்றார்.

"இன்னிக்கு ஜெபத்தைச் சீக்கிரம் வச்சுக்கலாமா?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னப்பா உடைச்சீங்க?" என்றாள் வக்கீல்.

"முதல்ல பாயை விரி."

சின்னவன் வழக்கம்போல ஸ்தோத்திரம் சொன்னான். வக்கீலுக்கு அன்று அறிக்கையிட ஒன்றுமில்லை. அம்மா எல்லாருக்கும் நல்ல சுகம் வேண்டிக்கொண்டாள். மெக்கானிக்கின் முறை வந்தது. அவர் ஆகாயத்துக்கும் பூமிக்கும் நன்றி சொன்னார். சபைக்கும் போதகருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் முழங்காலுக்கும் வேண்டிக்கொண்டார்.

"அப்பா, சுத்தி வளைக்கிறீங்க" என்றாள் வக்கீல், கண்ணைத் திறக்காமல்.

"ஆண்டவரே," என்றார் மெக்கானிக், "நான் அண்ணனுக்குப் போன் பண்ணவே இல்ல. பண்ணிட்டேன்னு புள்ளைங்ககிட்ட பொய் சொன்னேன். அன்னிக்கு டீயும் குடிச்சேன். மன்னியும். ஆமென்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. மனைவியின் முகம் சிவந்திருந்தது. "ஏங்க..." என்று தொடங்கினாள்.

"அம்மா! சட்டம்!"

"நான் திட்டலடி. ஒரே ஒரு கேள்வி கேக்கறேன்."

"ஜெபத்துக்கு அப்புறம் பேச்சு கிடையாது. அப்பாவே போட்டது."

அம்மா கண்ணை மூடி, கையைக் கூப்பினாள். "கர்த்தாவே, ரெண்டு வருஷமா கூடப் பிறந்த அண்ணனைப் பைத்தியக்காரனாக்கின சில பேருக்கு..."

"ஜாடை! மூணாம் திருத்தம்!"

அம்மா மூச்சை இழுத்துவிட்டுத் துணி ஸ்டாண்டைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். மெக்கானிக்குக்கு உள்ளூர ஒரு நிம்மதி வந்தது. சட்டம் உண்மையிலேயே நல்ல சட்டம் என்று தோன்றியது. அப்போதுதான் சின்னவனைப் பார்த்தார்.

அவன் அழவில்லை. விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தான். விரல்கள் போதவில்லை.

"அப்போ நான் மூணு வாரமா ஆண்டவர்கிட்ட பொய்யா ஸ்தோத்திரம் சொன்னேனாப்பா?"

இதற்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதில் இல்லை.

"நீ பொய் சொல்லலடா," என்றார் மெக்கானிக். "பொய் என்னோடது. நான்தான் உன் வாயில போட்டேன்."

"டீச்சர் நாளைக்கு பெரியப்பாவுக்குப் போன் பண்ணுவாங்க."

"தெரியும்."

"அப்போ இப்பவே பண்ணுங்க. எனக்கும் கேக்கணும்."

மெக்கானிக் போனைப் பாயின் நடுவில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டார். இந்தத் தடவை மணி அடித்தது. மூன்றாவது மணியில் எடுக்கப்பட்டது.

"யாரு?"

"நான்தான்ணே."

"நான்தான்னா? பேரு இல்லையா?" குரல் தெரிந்துதான் கேட்டார் என்பது எல்லாருக்கும் புரிந்தது.

"அண்ணே, அன்னிக்கு நான் டீ குடிச்சேன்."

லைன் போய்விட்டதா என்று சின்னவன் குனிந்து பார்த்தான்.

"எத்தனை?" என்றார் பெரியப்பா.

"ஒண்ணு."

மனைவி இருமினாள்.

"ரெண்டு" என்றார் மெக்கானிக்.

"சும்மா டீயா?"

"பிஸ்கட்டும்."

"அதான் பாத்தேன்! நொறுக்கற சத்தமும் கேட்டுச்சுடா! அதை நான் வெளிய சொல்லக்கூட இல்ல, டீக்கே சிரிச்சாங்களே!" பெரியப்பாவின் குரலில் கோபம் இல்லை. பெரிய பரிசு விழுந்தவர்போல இருந்தார். "ரெண்டு வருஷமா உங்க அண்ணி என்னை மூக்கு டாக்டர்கிட்ட போகச் சொல்றாடா!"

"தப்புதான்ணே. வேணும்னுதான் நிக்க வச்சேன். மன்னிச்சிருங்க."

சின்னவன் போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்தான். "பெரியப்பா, நான்தான். நீங்க அப்பாவை மன்னிச்சாச்சா? ஞாயித்துக்கிழமை நான் பேசணும். உண்மையா இருந்தாத்தான் பேச முடியும்."

"நீயா? குரலே மாறிப்போச்சே! இரு, இரு, ஞாயித்துக்கிழமை முதல் வரிசையில வந்து உக்காருறேன். ஆனா ஒரு காரியம். உங்கப்பாவைப் போனை வைக்க வேணாம்னு சொல்லு." நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு உள்ளே யாரையோ நோக்கி ஒரு கூச்சல்: "ஏய், அடுப்பை அணைச்சிட்டு இங்க வா! சீக்கிரம் வா!"

செருப்புச் சத்தம் நெருங்கியது. "இன்னொரு தடவை சொல்லுடா," என்றார் பெரியப்பா. "உங்க அண்ணி கேக்கட்டும்."

மெக்கானிக் போன் பக்கம் குனிந்தார். "அண்ணி, அன்னிக்கு நான் டீ குடிச்சேன்."

"சத்தமா!"

"டீ குடிச்சேன் அண்ணி!"

மனைவி தலையைத் திருப்பி, ஸ்டாண்டில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சின்னவன் அக்காவின் காதில், "பெரியப்பா மன்னிச்சிட்டாரா இல்லையா?" என்று கேட்டான்.

"பொறு," என்றாள் வக்கீல். "சாட்சி விசாரணை நடக்குது."

"பிஸ்கட்டையும் சேர்த்துச் சொல்லு!" என்றது போன்.